மழைமானி முதல் புயல் கூண்டு வரை: வானிலை அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக வீட்டில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். ராத்திரி மழை கொட்டிய மறுநாள், செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் தெருவில் "நேத்து எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு. அந்தக் கேள்வியோடு இன்னும் பல கேள்விகளும் வரும். அவற்றுக்கான பதில்கள் இவை.

செய்தியில் வரும் வானிலை எண் எதுவானாலும் அதற்குப் பின்னால் ஒரு கருவி, அது நிற்கும் இடம், அதைப் பார்த்த நேரம் என்று மூன்று விஷயங்கள் இருக்கும். இந்த மூன்றும் தெரியாததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்? தண்ணீரை லிட்டரில்தானே அளக்க வேண்டும்?

பெய்த தண்ணீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும்? அந்த உயரம்தான் மழை அளவு. லிட்டருக்கு மாற்றுவதும் சுலபம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர்.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. மழைக்கு அதில் சுமார் 930 லிட்டர் விழும். 13 செ.மீ. பெய்தால் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் உங்கள் கூரை மேலேயே வந்து இறங்கிவிட்டது. மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

உயரத்தால் அளப்பது நமக்குப் புதிதும் இல்லை. "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று ஊரில் சொல்வார்கள். ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண்ணில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்பதே அந்த அளவு. பஞ்சாங்கத்தில் வரும் "மரக்கால் மழை" வேறு. அது வருடம் பிறக்கும் முன்பே சொல்லப்படும் கணிப்பு, பெய்த மழையின் அளவு அல்ல.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் அதிகம் சேருமே, அப்போது அளவு மாறாதா?

மாறாது. அண்டாவானாலும் டம்ளரானாலும், பக்கவாட்டுச் சுவர் நேராக இருந்தால் நிற்கும் உயரம் ஒன்றுதான். அண்டாவில் தண்ணீர் அதிகம், ஆனால் அது பரவி நிற்கும் இடமும் அதிகம். வாளி மட்டும் ஏமாற்றும். வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அதில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

அர்த்தசாஸ்திரத்திலேயே ஒரு முழ அகல வாயுள்ள குண்டத்தை மழை அளக்க வைக்கச் சொல்லியிருக்கிறது. வாயின் அளவைக் குறிப்பிட்டதைப் பார்த்தாலே, சொன்னவர் விஷயம் தெரிந்தவர் என்று புரியும்.

வீட்டில் நானே செய்ய முடியுமா?

முடியும், செலவும் அதிகமில்லை. வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள ஒரு பிளாஸ்டிக் புனல் வாங்குங்கள். அந்த வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. வானிலைத் துறை பயன்படுத்தும் மழைமானிகளில் ஒரு வகைக்கும் இதே பரப்புதான். 5 லிட்டர் கேன் ஒன்றின் கழுத்தில் புனலைச் செருகி, காற்றில் சாயாதபடி செங்கல் அணை கொடுத்து நிறுத்துங்கள். காலையில் சேர்ந்த தண்ணீரை மில்லி குறித்த குவளையில் ஊற்றிப் பாருங்கள். 20 மில்லிக்கு 1 மி.மீ. மழை. குவளையில் 370 மில்லி இருந்தால் 18.5 மி.மீ.

கேன் 25 செ.மீ. மழை வரை தாங்கும். அதைத் தாண்டுமோ என்று தோன்றுகிற ராத்திரிகளில் நடுவில் எழுந்து ஒரு முறை அளந்து, குறித்துவிட்டு, கொட்டிவிட்டுப் படுக்க வேண்டும்.

இடம்தான் முக்கியம். முதல் வருடம் தென்னைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் எனக்கு 11 மி.மீ. வந்தது. நாலு வீடு தள்ளி, என்னைப் பார்த்து மழைமானி வைத்த நண்பருக்கு 19. முதலில் அவர் புனலைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் மறுமழையில் குடையோடு போய் நின்று பார்த்தபோது தெரிந்தது, தென்னை மட்டை வழியாக மழை வேறு பக்கம் வடிந்துகொண்டிருந்தது. அன்றே இடத்தை மாற்றினேன். மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும், முடிந்தால் நான்கு மடங்கு. திறந்த தரைதான் நல்லது. வேறு வழியில்லாமல் மாடியில் வைத்தால் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். காற்று சுவரில் மோதி மேலே எழும்போது மழையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏன் காலை எட்டரை? நள்ளிரவு 12 மணிக்குத்தானே நாள் மாறுகிறது?

வானிலைக்கு ஊர் எல்லை கிடையாது என்பதால் உலகம் முழுக்க ஒரே நேரக் கணக்கில் அளக்கிறார்கள். உலக நேரம் 3 மணி என்பது இந்தியாவில் காலை 8.30. நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் பதிவாகும்.

இதனால் ஒரு பெரிய குழப்பம் வருவதுண்டு. 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழை டிசம்பர் 1 அன்று பெய்தது என்பது அனுபவித்த எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ. என்பதெல்லாம் டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும். பதிவு தப்பில்லை. 2-ஆம் தேதி காலை எட்டரைக்கு முடிந்த 24 மணி நேரம் அது.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை: எது பெரியது?

அதி கனமழைதான் உச்சம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5-ம் அதற்கு மேலும் அதி கனமழை. 64.5 என்ற விநோத எண் ஏன் என்று கேட்பார்கள். முழுச் செ.மீ. கணக்கில் பாருங்கள், 7 முதல் 11, 12 முதல் 20, 21-க்கு மேல் என்று நேராகிவிடும். கனமழைக்குக் கீழே 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 2.5 மி.மீ. தொட்டால்தான் அந்த நாளே "மழை நாள்" என்று கணக்கில் சேரும்.

2023 டிசம்பர் 18 காலையில் காயல்பட்டினத்தின் கணக்கு 95 செ.மீ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாத வடகிழக்குப் பருவமழைக்குத் தமிழ்நாட்டின் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். அதில் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே நாளில் அந்த ஊரில் இறங்கியது. இந்த அளவுப் படிகளில் அதி கனமழைக்கு மேலே இன்னொரு படி இல்லாததால் 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே சொல். அதனால் பெயரோடு நிறுத்தாமல் எண்ணையும் கேளுங்கள்.

எச்சரிக்கையில் வரும் நிறங்கள் வேறு கணக்கு. மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்றார்கள், எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. பொய்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசை. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அளந்து வைத்தவை. ஒரு பகுதியில் உள்ள மழை அளவு நிலையங்களில் கால் பங்கு வரை மழை பெற்றால் "ஓரிரு இடங்களில்". கால் முதல் பாதி வரை என்றால் "சில இடங்களில்". பாதி முதல் முக்கால் வரை "பல இடங்களில்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்".

ஆக, ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லும்போதே முக்கால்வாசி ஊர்களுக்கு மேல் மழை இருக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதியை நாம் காதில் வாங்குவதில்லை. "ஓரிரு இடங்களில் கனமழை" என்பது இதில் ரொம்பக் கவனிக்க வேண்டிய வரி. எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் எங்கோ 7 செ.மீ.க்கு மேல் கொட்டப்போகிறது.

சென்னைக்கு மட்டும் ஏன் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு எண்?

இரண்டிலும் முழுமையான நிலையங்கள் இருக்கின்றன. நுங்கம்பாக்கம் கடலுக்குப் பக்கம், மீனம்பாக்கம் சற்று உள்ளே. கோடையில் கடற்காற்று நுங்கம்பாக்கத்தை முதலில் தொடும், வெப்பம் ஏறுவது அங்கே நின்றுவிடும். மீனம்பாக்கத்துக்கு அது வந்து சேர்வதற்குள் இன்னும் ஒரு டிகிரியோ இரண்டோ ஏறியிருக்கும். கடற்காற்று தாமதமாகும் நாட்களில் நுங்கம்பாக்கமும் தப்பாது. 2003 மே மாதத்தில் அங்கே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

நுங்கம்பாக்கம் வளாகம் 1792-இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் இடம். அப்போது கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது, அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். வானிலைக் குறிப்புகள் 1796 முதல் எழுதப்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே 1875-இல்தான்.

"வெயில் சதமடித்தது" என்கிறார்கள். வெயிலிலா அளக்கிறார்கள்?

நிழலில்தான் அளக்கிறார்கள். வெயிலில் வைத்தால் வெப்பமானி தானே சூடேறித் தன் சூட்டையே காட்டும். அதனால் வெள்ளைச் சாயம் அடித்த, நாலு பக்கமும் சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டிக்குள் தொங்கவிடுகிறார்கள். காற்று போய்வரும், வெயில் நுழையாது. பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. நம் பக்கம் அதன் கதவு வடக்கே பார்த்திருக்கும், திறக்கும்போது சூரியன் உள்ளே விழக் கூடாது என்று.

உள்ளே நான்கு வெப்பமானிகள். அதிகபட்ச வெப்பமானியின் கழுத்தில் ஒரு நெருக்கல் இருக்கும். சூடேறும்போது பாதரசம் அதைத் தாண்டிப் போய்விடும், குளிர்ந்தால் திரும்பி வராது. காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டர் மாதிரியே உதறித்தான் இறக்க வேண்டும். குறைந்தபட்ச வெப்பமானியில் ஆல்கஹால், அதற்குள் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடி ஊசி. திரவம் சுருங்கும்போது ஊசியைக் கூடவே இழுத்துவரும், விரியும்போது ஊசியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். விடியற்காலை எத்தனை டிகிரி வரை இறங்கியது என்பதை யாரும் முழித்திருந்து பார்க்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் ஈரப்பதத்துக்கு.

சதம் என்பது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். 104 என்றால் சரியாக 40. அது நிழலின் எண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ரோட்டில் நிற்பவருக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் வெப்பம் அதிகம், ஆனால் சென்னையில்தான் தாங்க முடியவில்லை. ஏன்?

காற்றில் உள்ள நீராவி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை அப்படியே வழியும்.

ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்பதைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், அது வெப்பத்தோடு சேர்ந்து ஆடும் எண். காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் விடியற்காலை 90 சதவீதம் காட்டும், மத்தியானம் 50 காட்டும். நம்பகமானது பனிப்புள்ளி. காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர வைத்தால் ஈரம் துளியாகப் படியும் என்பதே அது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பளபளவென்று துடைத்த எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் எடுங்கள். அறை வெப்பமானியை உள்ளே வைத்து, ஐஸைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும் அந்த நொடியில் வெப்பமானியைப் படியுங்கள். சென்னையில் மே மாதச் சாயங்காலம் 25, 26-இலேயே டம்ளர் வியர்த்துவிடும். 20-க்குக் கீழே போனால்தான் மங்குகிறது என்றால் அன்று துணி சீக்கிரம் காயும்.

நிலையத்தில் இதை ஈரக்குமிழ் வெப்பமானி செய்கிறது. குமிழில் மஸ்லின் துணி சுற்றி ஈரமாக வைத்திருப்பார்கள். உலர்ந்த குமிழுக்கும் ஈரக் குமிழுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதை வைத்து அட்டவணையில் ஈரப்பதத்தைப் பார்ப்பார்கள்.

காற்றழுத்தம் இறங்கினால் புயல் வருமா?

எல்லா இறக்கமும் புயலுக்கான இறக்கம் அல்ல. நம் வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், விடியற்காலை, மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு. சில கைப்பேசிகளில் அழுத்தம் காட்டும் உணரி இருக்கிறது. இருந்தால் ஒரு நாள் முழுக்கக் குறித்துப் பாருங்கள், கடல் அலை மாதிரி அழகாக வரும். அதனால் நேற்று இதே நேரம் எவ்வளவு என்று ஒப்பிடுவதே முறை.

கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். பழைய பெயர் மில்லிபார், எண் ஒன்றேதான். ஊட்டியில் கருவி காட்டுவது 780-க்குப் பக்கத்தில் இருக்கும், காரணம் உயரம். வரைபடம் போடும்போது கடல் மட்டத்துக்குச் சரிக்கட்டிவிடுவார்கள். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மையத்தில் அழுத்தம் 912 வரை இறங்கியதாகக் கணித்திருக்கிறார்கள்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்: எப்படிப் பிரிக்கிறார்கள்?

பெயர் அழுத்தத்தில் இருந்தாலும் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89-க்கு மேல் தீவிர புயல், இன்னும் படிகள் ஏறி 222-இல் சூப்பர் புயல்.

இவை காற்றுக்கான படிகள் மட்டும்தான், மழைக்கு அல்ல. 2015 டிசம்பர் 1 அன்று சென்னைக்கு எந்தப் பெயர் வைத்த புயலும் வரவில்லை. "வெறும் தாழ்வுப் பகுதிதானே" என்று யாராவது சொன்னால் அந்த நாளை நினைவுபடுத்துங்கள்.

"55 முதல் 65 கி.மீ., இடையிடையே 75 கி.மீ." என்றால்?

முதல் எண்கள் சில நிமிடங்களின் சராசரி, "இடையிடையே" என்பது நடுநடுவே வரும் வீச்சு. ஓட்டைப் பெயர்ப்பதும் கிளையை முறிப்பதும் அந்த வீச்சுதான். அளப்பது சுழலும் கிண்ணங்கள் வைத்த காற்றுவேகமானி, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். தெருவில் உங்கள் முகத்தில் படுவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

திசையை வருகிற பக்கத்தை வைத்துச் சொல்வார்கள். வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. தமிழில் இதற்குத் தனித்தனிப் பெயரே உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. யாழ்ப்பாணத்தில் தென்காற்றைச் சோளகம் என்பார்கள்.

துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம்?

கூண்டு என்பது கம்பத்தில் ஏற்றும் கூம்பு, உருளை வடிவ அடையாளங்கள். இரவில் அவற்றுக்குப் பதில் விளக்குகள். மொத்தம் 11 எண்கள். 1, 2 தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம்.

எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று நினைப்பது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயலின் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே வரிசைதான் 8, 9, 10-க்கும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கேதான் காற்று கடலைக் கரை மேல் தள்ளும். 11-ஆம் எண் ஏறினால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

ராடார் படத்தில் சிவப்பாக இருந்தால் அங்கே கொட்டுகிறதா?

பெரும்பாலும் ஆம். ராடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. வானொலி அலையை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. துளி பெரிதாக இருந்தால் எதிரொலி பலமாக இருக்கும். சென்னைத் துறைமுகத்தின் டாப்ளர் ராடார் 2002 முதல் இருக்கிறது. தூரம் போகப்போக அலை உயரே போய்விடும், தொலைவில் உள்ள தாழ்ந்த மேகம் தப்பிவிடும். ராடாரில் வெறுமையாக இருந்தும் எங்கள் தெருவில் தூறிய நாட்கள் என் நோட்டில் இருக்கின்றன.

உயரே உள்ள காற்றை அளக்கப் பலூன் விடுகிறார்கள், காலை 5.30, மாலை 5.30 கணக்குக்கு. கயிற்றில் தொங்கும் சின்னப் பெட்டி அழுத்தம், வெப்பம், ஈரம் மூன்றையும் போகிற வழியெல்லாம் அனுப்பிக்கொண்டே போகும். 30 கி.மீ. உயரம் வாக்கில் பலூன் வெடிக்கும். உங்கள் வயலில் கயிறோடு வெள்ளைப் பெட்டி கிடந்தால் பயப்பட வேண்டாம்.

கைப்பேசிச் செயலி காட்டுவது எங்கள் தெருவின் வெப்பமா?

அநேகமாக இல்லை. வானிலையைக் கணிக்கும் கணினி நிரல் உங்கள் பகுதிக்குப் போட்ட கணக்கு அது. அங்கே கருவி எதுவும் நிற்கவில்லை. போக்கு தெரிந்துகொள்ள உதவும், சாதனை அளவு பேச உதவாது.

மழையே பெய்யாத நாளில் நோட்டில் என்ன எழுதுவது?

0.0 என்று எழுதுங்கள். தரை நனைந்து, குவளையில் அளக்க எதுவும் சேரவில்லை என்றால் "சுவடு" என்று எழுதுங்கள். ஊரில் இல்லாததால் பார்க்கவில்லை என்றால் மட்டும் கட்டத்தைக் காலியாக விடுங்கள், திரும்பி வந்ததும் கேனில் இருப்பதை "3 நாள் சேர்ந்தது" என்று பக்கத்தில் குறியுங்கள். காலிக் கட்டத்தையும் 0.0-வையும் ஒன்றாக எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்துக் கூட்டிப் பார்க்கும்போது எந்தச் சித்திரை உண்மையில் காய்ந்தது, எந்தச் சித்திரையில் நீங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.